கையில் இருந்த உப்பு

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டேன். ஜொகூரில் செம்பனைக் குலை வெட்டினேன். சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் இரண்டு வருடம் துரு சுரண்டினேன். கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களைச் சங்கிலியால் கட்டும் வேலை பார்த்தபோது இடது கை சுண்டுவிரலின் நுனி போனது. எந்த ஊரிலும் மூன்று வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. ஏதாவது சிக்கல் வந்தால் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவேன். பினாங்குக்கும் அப்படித்தான் வந்தேன். வந்த இடத்தில் சரக்குப் பரிசோதகர் வேலை அமைந்தது.

இந்த வேலையைப் பற்றி வெளியே பலருக்குத் தெரியாது. நாங்கள் சுங்கத்துறையும் அல்ல, போலீசும் அல்ல. கப்பலில் வந்த சரக்கு உடைந்தோ நனைந்தோ கிடந்தால், அது எப்படி நடந்தது என்று பார்த்து எழுதிக் கொடுப்பவர்கள். காப்புறுதிக்காரர்கள் அந்தத் தாளை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். எங்கள் அலுவலகம் ஜார்ஜ் டவுனில், கடலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. சரக்கெல்லாம் அக்கரையில், பட்டர்வொர்த்தில். காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறி அந்தப் பக்கம் போவேன், சாயங்காலம் திரும்புவேன்.

நனைந்த சரக்கென்றால் முதல் கேள்வி ஒன்றுதான். நனைத்தது கடல் தண்ணீரா, நல்ல தண்ணீரா? கடல் தண்ணீர் என்றால் பொறுப்பு கப்பல் பக்கம் போகும். நல்ல தண்ணீர் என்றால் மழை, குழாய், ஒழுகும் கூரை என்று கரைப்பக்கம் வரும். அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு சின்ன பழுப்பு பாட்டில் உண்டு. உள்ளே சில்வர் நைட்ரேட் கரைசல். என் முதலாளி முதல் நாள் அதைக் கையில் கொடுத்துச் சொன்னது இவ்வளவுதான்: "ஈரத்துல ஒரு சொட்டு விடு. பால் மாதிரி வெளுத்தா கடல். வெளுக்கலைன்னா மழை. கையுறை போட்டுக்க, கை கருத்துப் போகும்."

கை கருத்துப் போகும் என்பதால்தான் கையுறை என்று நான் நினைத்துக்கொண்டேன். வேறு காரணம் இருக்கும் என்று தோன்றவில்லை. கை கருத்தால் எனக்கென்ன? இரும்புக் கூரை போட்ட கிடங்குகளில், பிற்பகல் வெயிலில், ரப்பர் கையுறைக்குள் விரல்கள் அவிந்துவிடும். ஒரு மாதம் போட்டேன். பிறகு விட்டுவிட்டேன். பரிசோதனைத் தாளில் 'கையுறை அணியப்பட்டது' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மட்டும் ஒவ்வொரு முறையும் சரி போட்டேன்.

நான் சொல்ல வந்தது ஒரு கைலிச் சரக்கின் கதை. தமிழ்நாட்டிலிருந்து வந்த கைலிகள், சணல் சாக்கில் தைத்த பேல்களாக. வாங்கியவர் ஜார்ஜ் டவுனில் மூன்று தலைமுறையாகத் துணி விற்கும் ஒரு பாய். அவருடைய கிடங்கு பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில், மாக் மண்டினில். துறைமுகக் கொட்டகையில் கொள்கலனைப் பிரித்து, பேல்களைத் திறந்த லோரியில் ஏற்றி, மேலே கான்வாஸ் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். வழியில் நல்ல மழை. கிடங்கில் கான்வாஸை அவிழ்த்தபோது பல பேல்கள் நனைந்திருந்தன; இறக்காமல் எங்களைக் கூப்பிட்டார்கள். காலிக் கொள்கலன் அதற்குள் திரும்பிப் போய்விட்டதால் அதில் ஓட்டை இருந்ததா என்று பார்க்க வழியில்லை. தண்ணீரைத்தான் கேட்க வேண்டும்.

நான் போனபோது லோரி ஓட்டுநர் கிடங்கு வாசலில் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, சர்க்கரை வியாதிக்காரர். என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"தம்பி, நான் கட்டுனேன். கயிறு ஏழு முடிச்சு. துறைமுக கேட்ல காவலுக்கு இருக்கிற ஜாகாகிட்ட கேளுங்க, அவன் பார்த்தான்."

"நான் தண்ணியத்தான் பார்ப்பேன் அண்ணே. ஆள விசாரிக்கிறது என் வேலை இல்ல."

"எனக்கு ஏற்கெனவே ரெண்டு வார்னிங் லெட்டர் குடுத்திருக்காங்க. ஒண்ணு வேகமாப் போனதுக்கு, ஒண்ணு லேட்டாப் போனதுக்கு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "மூணாவது வந்தா லோரி போயிரும். இந்த வயசுல வேற எவன் எனக்குச் சாவி குடுப்பான்?"

லோரியில் இருந்த அடுக்கை முதலில் படம் எடுத்தேன். பிறகு சுமை இறக்கும் ஆட்கள் மூன்று பேர் பேல்களை உள்ளே இறக்கிவிட்டு அவற்றின்மேல் உட்கார்ந்தார்கள். நான் பாட்டிலை எடுத்ததும் ஒருவன், "பரிசோதனையா சார், ஜாதகமா?" என்றான். பாய் நாற்காலியில் கைபேசியைப் பார்த்தபடி, "சீக்கிரம் பாருங்க தம்பி. நான் கைலி விக்கிறவன், தண்ணி விக்கிறவன் இல்ல" என்றார்.

ஒரு பேலைக் கிழித்தேன். சணலுக்கு உள்ளே வெள்ளைத் துணி சுற்றியிருந்தது, அதற்கும் உள்ளே கைலிகள். சிவப்புச் சாயம் நீலத்தில் இறங்கியிருந்தது. வெள்ளைத் துணியை ஒரு கை அகலத்துக்கு வெட்டி, உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தேன். தண்ணீர் விரல் இடுக்கில் இறங்கிக் கண்ணாடிக் குழாயில் விழுந்தது. ஒரு சொட்டு விட்டேன். வெளுத்தது. இன்னும் நான்கு பேல்கள் பார்த்தேன். எல்லாம் வெளுத்தன. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு 'கடல் தண்ணீர்' என்று எழுதினேன். கையுறைக் கட்டத்தில் சரி போட்டேன்.

ஓட்டுநரிடம் முடிவைச் சொல்லக் கூடாது. ஆனால் அவர் குழாயைப் பார்த்துவிட்டார். வெளுத்தால் என்ன அர்த்தம் என்று சுமை ஆட்களில் ஒருவன் சொல்லிவிட்டான். நான் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது அவர் கிட்டே வந்து, ஒன்றும் பேசாமல், என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். ஃபெரியில் திரும்பும்போது ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி எனக்கு இருந்தது. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்துத் துறைமுகக் கொட்டகையில் வேறு ஒரு சரக்கு, இயந்திரப் பெட்டிகள். பெட்டியின் ஓரத்தில் சொட்டு விடும்போது பாட்டில் சாய்ந்து ஒரு சொட்டு என் மணிக்கட்டில் விழுந்தது. வியர்வை நின்ற இடம். சொட்டு வெளுத்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். வெளுத்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை மூடியில் ஊற்றிச் சொட்டு விட்டேன். தெளிவாகவே இருந்தது. அந்தத் தண்ணீரில் விரலை முக்கி எடுத்து மறுபடியும் விட்டேன். மூடிக்குள் பால் கலங்கியது.

வியர்வையில் உப்பு இருக்கிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. செம்பனைக் காட்டில் என் சட்டையின் முதுகில் தினமும் வெள்ளைக் கோடு காய்ந்திருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த உப்பையும் இந்த பாட்டிலையும் என் தலைக்குள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். கைலித் துணியை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தது கண் முன்னால் வந்தது. குழாயில் வெளுத்தது என் கையாக இருக்கலாம். அப்படியென்றால் அந்தத் தண்ணீர் மழையாகவும் இருக்கலாம். மழை என்றால் ஓட்டுநர்.

யாருக்கும் தெரியாது. தாள் போய்விட்டது. வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தோன்றியது. கோலாலம்பூருக்குப் பேருந்து எந்த நேரமும் உண்டு. எந்த நிறுவனத்துப் பேருந்து என்றுகூட யோசித்தேன். ஏன் கிளம்பவில்லை என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மணிக்கட்டில் சொட்டு விழுந்த இடம் சாயங்காலத்துக்குள் கருத்துவிட்டது. அதை முதலாளியிடம் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கையுறை போட்டேன்னு டிக் போட்டிருக்கியேடா."

"போட்டிருக்கேன்."

"போட்டியா, போடலையா?"

"டிக் போட்டேன். கையுறை போடல."

"அலாமாக்." மலாயில் ஐயோ என்று அர்த்தம். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குக் கீழே ஆறு பேர் இருக்கிறோம். "நாளைக்கு நானும் வர்றேன். திரும்பப் பார்ப்போம். மறுபரிசோதனைன்னு மட்டும் எழுது. ஏன்னு எழுதாத. எழுதினா இதுவரைக்கும் நீ பார்த்த எல்லாத்தையும் தோண்டுவாங்க."

காப்புறுதிக்காரர்கள் சொல்லியிருந்ததால் பேல்களை பாய் தொடாமல் வைத்திருந்தார். மறுநாள் கையுறை போட்டு, இடுக்கியால் பிடித்து, பாட்டில் தண்ணீரில் நனைத்து, ஐந்து பேல்களில் பார்த்தோம். ஐந்து குழாய்களும் கண்ணாடி மாதிரி நின்றன. கடல் இல்லை.

பாய் எட்டிப் பார்த்தார். "கடலோ மழையோ, என் கைலி சாயம் போச்சு. யாரு எனக்குப் பதில் சொல்லப் போறீங்க?" முதலாளி அவரை ஓரமாக அழைத்துப்போய்ப் பேசினார்.

நான் முதல் நாள் எடுத்த படங்களைக் கைபேசியில் திறந்து பேல்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்றைப் பார்த்தேன். லோரியிலிருந்து இறக்குவதற்கு முன் எடுத்த படத்தில், அடுக்கின் மேல்வரிசை முழுக்க நனையவில்லை. குறுக்கே இரண்டு பட்டையாக மட்டும் நனைந்திருந்தது. நடுவில் இருந்த பேல்கள் காய்ந்தே இருந்தன. கான்வாஸ் கட்டாமல் மழையில் வந்திருந்தால் மேல்வரிசை மொத்தமும் ஊறியிருக்கும். இந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். குழாய் வெளுத்தவுடன் விடை கிடைத்துவிட்டது என்று படத்தை மூடி வைத்தவனும் நான்தான்.

லோரி நிறுவனத்தின் முற்றம் ஜுருவில். ஓட்டுநர் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு எழுந்து நின்றார்.

"போன வாரம் கடல்னீங்க. இந்த வாரம் மழைங்கறீங்க. அடுத்த வாரம் என்ன தம்பி, கிணத்துத் தண்ணியா?"

"என் தப்புத்தான் அண்ணே. என் கை வியர்வை அது."

"வியர்வையில கடல் தெரியுமா? யார்கிட்ட கதை விடுறீங்க?" உள்ளங்கையை நீட்டினார். "ஊத்துங்க. என் கண்ணு முன்னாடி ஊத்துங்க."

"கருக்கும். பத்து நாளைக்குப் போகாது."

"கருக்கட்டும் லா. இப்ப என்னமோ வெள்ளையா இருக்கிற மாதிரி."

ஒரு சொட்டு விட்டேன். அவருடைய உள்ளங்கைக் கோடுகளில் பால் பரவியது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டையில் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"சரி. மழைதான். ஆனா நான் கட்டுனேன்."

"கட்டியிருக்கீங்கன்னு எனக்கும் தெரியுது. கான்வாஸைப் பார்க்கணும்."

இரண்டு பேருமாக அதை முற்றத்தில் விரித்தோம். மேலிருந்து பார்த்தால் பழையதாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு பக்கத்தை அவர் தூக்கிப் பிடிக்க, நான் அடியில் புகுந்து படுத்தேன். கான்வாஸை எப்போதும் அதே இரண்டு இடத்தில் மடித்து மடித்து, மடிப்பில் பூச்சு உதிர்ந்திருந்தது. அந்த இரண்டு மடிப்பு முழுக்க ஊசித் துளைகளாக வெயில் இறங்கியது. இரண்டு மடிப்புக்கும் இடையிலான தூரத்தை அளந்தேன். படத்தில் இருந்த இரண்டு ஈரப் பட்டைகளின் தூரத்தோடு ஒத்துப்போனது.

வெளியே வந்து சொன்னதும் அவர் முகம் மாறியது. "அதான்! நான் சொன்னேன்ல? இது ஒழுகும்னு ஆபீஸ்ல மூணு தடவ சொன்னேன்."

"எழுதிக் குடுத்தீங்களா?"

அவர் லோரியின் கதவைத் திறந்து, இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு நீளமான புத்தகத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்கும் முன் ஓட்டுநர் நிரப்ப வேண்டிய சரிபார்ப்புத் தாள்கள். டயர், பிரேக், விளக்கு, கயிறு, கான்வாஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நல்ல நிலை' என்று ஒரு கட்டம். மழை பெய்த அந்த நாளின் தாளைத் திருப்பினேன். எல்லாக் கட்டத்திலும் சரி. கீழே அவருடைய கையெழுத்து. முந்தைய நாளும் அப்படித்தான். அதற்கு முந்தைய நாளும்.

"டிக் போடலைன்னா கேட்டைத் திறக்க மாட்டாங்க தம்பி. ட்ரிப் இன்னொருத்தனுக்குப் போயிரும். இங்க எல்லாரும் இப்படித்தான் போடுறோம்."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது அறிக்கையில் மழைத் தண்ணீர் என்றும், சரக்கு மூடப்பட்டே வந்தது என்றும், கான்வாஸின் மடிப்புகள் வழியே நனைந்தது என்றும் எழுதினேன். படங்களை வைத்தேன். முதலாளி ஒரு வரியையும் வெட்டவில்லை. லோரி நிறுவனம் ஓட்டுநர்மேல் உள்விசாரணை வைத்தது. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். போக வேண்டிய கட்டாயமில்லை என்று முதலாளி சொன்னார். போனேன்.

குளிர்சாதன அறை, நீள மேசை. மனிதவள மேலாளர் ஒரு மலாய்ப் பெண்மணி, மரியாதையாகவே பேசினார். பக்கத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, ஒரு சீனர். பேச்சு முழுக்க மலாயில் நடந்தது. நான் படங்களைக் காட்டி விளக்கினேன். கட்டியிருந்தார், கான்வாஸ்தான் ஒழுகியது என்றேன். பெண்மணி தலையாட்டினார். பிறகு அந்தச் சரிபார்ப்புப் புத்தகத்தை மேசையில் வைத்து, அன்றைய தாளை ஓட்டுநர் பக்கம் திருப்பினார். இந்தக் கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றார் அவர். கான்வாஸ் ஒழுகும் என்று தெரிந்தே நல்ல நிலை என்று குறித்தீர்களா என்று கேட்டார். ஓட்டுநர் மேசையின்மேல் இருந்த தன் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் கருப்புக் கறை இன்னும் இருந்தது. ஆமாம் என்றார்.

அந்த அதிகாரிக்குக் கான்வாஸ் ஒழுகுவது தெரியாதா? தெரியும். அவரும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் பேசினேன். நானும் என் தாளில் கையுறை அணிந்ததாகப் பொய்யாகக் குறித்தவன், அதனால்தான் முதல் அறிக்கை தவறாகப் போனது, தினமும் நிரப்பும் கட்டங்களில் எல்லோரும் செய்வதைத்தான் இவரும் செய்தார் என்றேன். என் மலாய் அவ்வளவு நன்றாக இருக்காது. பாதியில் தடுமாறி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். பெண்மணி பொறுமையாகக் கேட்டார். அது உங்கள் நிறுவனத்தின் விஷயம், இங்கே குறிப்பில் சேர்க்க முடியாது என்றார். ஓட்டுநர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. சாலையில் யாரோ விழுந்ததைப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் இனி அவர் ஓட்டக் கூடாது. அதே லோரியில் கிளிண்டானாக, அதாவது ஓட்டுநருக்கு உதவியாளாக, இடது பக்கம் உட்கார்ந்து போக வேண்டும். கயிறு கட்டுவது, கான்வாஸ் மூடுவது, பின்னால் நின்று வழி காட்டுவது அவர் வேலை. எனக்கும் ஒரு முடிவு வந்தது. முதலாளி மாடிப்படியில் இறங்கும்போது என்னிடம், "இனிமே கையுறை போடு" என்றார். அவ்வளவுதான். பழைய தாள்களை யாரும் தோண்டவில்லை. எத்தனை பேல்களுக்கு, எத்தனை பெட்டிகளுக்கு என் கை உப்பைக் கடல் என்று எழுதினேன் என்பது எனக்கே தெரியாது. அதனால் கப்பல் பக்கம் யாருக்கு மூன்றாவது லெட்டர் போயிருக்கும் என்பதும் தெரியாது.

காப்புறுதிக்காரர்கள் பழைய கான்வாஸின் படங்கள் இன்னும் சில கேட்டார்கள். அதற்காக ஜுருவுக்குப் போன காலையில்தான் பழைய ஓட்டுநர் வண்டி மாற்றிக்கொண்டிருந்தார். வண்டி மாற்றினார் என்று சொல்வதும் தவறு. வண்டி அதேதான். வலது பக்கக் கதவைத் திறந்து, இருக்கையிலிருந்த முதுகுத் தலையணை, தைல பாட்டில், சர்க்கரை மாத்திரை டப்பா, ஒரு துண்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வண்டியின் மூக்கைச் சுற்றி நடந்து இடது பக்கத்தில் வைத்தார். உள்ளே இருந்தபடியே தள்ளி வைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. புது ஓட்டுநர், முப்பது வயது இருக்கும், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

"அண்ணே, அந்த முருகன் படம்?" என்று கேட்டார் அவர்.

"அது நடுவுலதானே இருக்கு. இருக்கட்டும்."

நான் கிட்டே போனேன்.

"அன்னைக்கு விசாரணையில நீங்க பேசாமலே இருந்திருக்கலாம்" என்றார் அவர். "உங்க பொழப்புக்கும் கேடு வந்திருக்கும்."

"உங்க பொழப்புக்கு வந்துருச்சே."

"வந்துச்சு." தலையணையை இடது இருக்கையில் அழுத்தி வைத்தார். "நீங்க முத நாள் கடல்னு எழுதுனப்ப, எனக்கும் தெரியும் தம்பி, அது மழைதான்னு. என் கான்வாஸ் எனக்குத் தெரியாதா? தோள்ல தட்டிட்டுப் போனேன் பாருங்க. அன்னைக்கு நானும் பேசல."

புது ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். இவர் இடது பக்கப் படியில் கால் வைத்து, கைப்பிடி எங்கே என்று தேடினார். வலது பக்கம் ஏறுகிறவருக்குக் கைப்பிடி வலது கைக்கு வரும். இங்கே அது இடது கைக்கு வந்தது. இரண்டாவது தடவையில்தான் ஏற முடிந்தது. கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, பின்னால் வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்து, உள்ளே திரும்பி, "வா, வா, காலிதான், எடு" என்று குரல் கொடுத்தார்.